குளிசை விழுங்காத மாமா

பென்டில் ஹில்
3 பெப்ரவரி 2025

அன்புள்ள அரியரத்தினம் மாமாவுக்கு நிரூபா எழுதுவது.

இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் உங்கள் கிட்னி பற்றி மெல்பேர்ன் டொக்டர் சொன்னதை அம்மா குசினியில் சமைத்தபடி பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அதனால் கேட்கவில்லை.

ரெலிபோன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பீர்கள். ரெலிபோனில் எனக்குக் குரல் வராது. உங்களுக்கும் அது பிடிக்காது, மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று சொல்வீர்களாம். "ரெண்டு ஊமையளும் எழுதித் துலையுங்கோ" என்று அம்மாவே முத்திரை வாங்கித் தந்தார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட கதை தெரியும்தானே. வகுப்புக்கு முன்னால் நின்று பேசிக் காட்ட வேண்டும் என்றார்கள். அன்றைக்கு நான் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. இப்போது வென்ட்வேர்த்வில்லில் ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் வேலை. வயதானவர்களுக்கு ஒரு கிழமைக்குரிய, ஏழு நாள் குளிசைகளைக் குழி குழியான அட்டையில் அடுக்கி, வெள்ளித்தாளால் மூடி ஒட்டுவேன். குளிசைகள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நல்ல வேலை.

உங்கள் மருந்துச் சீட்டை அம்மா எப்படியோ எங்கள் கடைக்கு அனுப்பவைத்துவிட்டார். அட்டையை நானே அடுக்கினேன். பார்சலில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று. போடாவிட்டால் அடுத்த வருடம் மெஷினில்தான் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டிவரும் என்று டொக்டர் சொன்னாராம்.

அம்மா சொல்லச் சொன்னது: கெதியா விழுங்கச் சொல்லு. அப்பாவிடமும் கேட்டேன். "அவரைக் குளிசை போடச் சொல்லி நான் சொல்லமாட்டன்" என்று சொல்லிவிட்டு கராஜுக்குள் போய்விட்டார்.

உங்கள் மருமகள்
நிரூபா


டாண்டினோங்
20 பெப்ரவரி 2025

அன்பு மருமகளுக்கு,

நான் சுகம். இந்த வரியை என் டொக்டருக்குக் காட்ட வேண்டாம். நீ சுகமா? அம்மா சுகமா? அப்பாவின் முழங்கால் சுகமா? அவருடைய பழைய கொரோலா சுகமா? உங்கள் வீட்டில் ஓய்வில்லாமல் உழைப்பது அது ஒன்றுதான்.

பார்சல் கிடைத்தது. எவ்வளவு நேர்த்தியாக அடுக்கியிருக்கிறாய்! பஸ் டிப்போவுக்குக் கொண்டுபோய், என்னோடு பஸ் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் காட்டினேன். என் மருமகள் செய்தது என்றேன்.

அதன் பலனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்வளவில் தக்காளி வைத்திருக்கிறேன். மைனாக்கள் ஒரு பழத்தையும் மிச்சம் வைப்பதில்லை. உன் அட்டையை ஒரு தடியில் கட்டித் தொங்கவிட்டேன். வெள்ளித்தாள் வெயிலில் மின்ன மின்ன, ஒரு மைனாவும் இப்போது கிட்ட வருவதில்லை. அருமையான மருந்து. அடுத்த கிழமைக்குரியதையும் அனுப்பு, கத்தரிக்கும் வேண்டும்.

சிறிதரனிடம், அதாவது உன் அப்பாவிடம் கேள்: ஈஸ்டருக்கு வந்தால் முன்னூற்றி நாலு விளையாட ஆயத்தமோ என்று. போன முறை ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை, பாவம். சீட்டில் நான் சாம்பியன் என்பதை அவர் மறந்திருக்க மாட்டார்.

அன்புடன்
மாமா


பென்டில் ஹில்
4 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். கொரோலாவுக்குத்தான் தடிமன், காலையில் இருமிக்கொண்டே கிளம்புகிறது. தக்காளி சுகமா?

மைனா விஷயத்தை தேஜஸ்வினி அக்காவிடம் சொல்ல வேண்டிவந்தது. கடையின் மருந்தாளர் அவர், கோயம்புத்தூர்க்காரர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மைனாவுக்கா? கம்ப்யூட்டர்ல நான் என்னன்னு போடுவேன் நிரூ? பேஷன்ட் பேரு மைனான்னா?"

அதோடு நிற்கவில்லை. "நீயும் உங்க மாமாவும் ஒரே ரகம். அவர் முழுங்க மாட்டார், நீ பேச மாட்டே. எப்பதான் முன்னாடி கவுன்டர்ல வந்து நிப்பே? கஸ்டமர் கடிச்சிட மாட்டாங்க" என்றார். நான் பின்னறைக்குப் போய்விட்டேன்.

மாமா, ஒன்று கேட்கலாமா? முன்னூற்றி நாலு பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ராஜாவும் ராணியும் அதில் சின்ன ஆட்கள், ஜாக்தான் எல்லோருக்கும் பெரியவர் என்பதுவரை தெரியும். அப்பா பென்டில் ஹில்லில் ஒருவரையும் வெல்ல விடுவதில்லை. ஆனால் போன முறை நீங்கள் வந்தபோது, ரோல்ஸ் தட்டோடு நான் அப்பாவின் கதிரைக்குப் பின்னால் நின்றேன். அவர் கையில் ஜாக் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றிலும் சின்னச் சீட்டான ஏழைப் போட்டார். கூட விளையாடிய ஆனந்தராஜா அங்கிளும் அப்படித்தான். எல்லோரும் ஏன் உங்களிடம் வேண்டுமென்றே தோற்கிறார்கள்?

அப்பாவிடம் கேட்டேன். பருப்புக்கு உப்புக் காணாது என்றார். உப்புச் சரியாகத்தான் இருந்தது.

நிரூபா


டாண்டினோங்
29 மார்ச் 2025

அன்பு மருமகளுக்கு,

நான் சுகம். தக்காளியும் சுகம். கொரோலாவுக்கு எஞ்சின் ஒயில் மாற்றச் சொல்.

ஈஸ்டருக்கு எனக்கு பஸ் ஓட வேண்டியிருக்கிறது, வர முடியாது. டொக்டர் கூப்பிட்டு ஏசினார். அவருக்கு ஒரு பை தக்காளி கொடுத்தேன். பேசாமல் வாங்கிக்கொண்டார்.

கத்தரிக்கு அட்டை இன்னும் வரவில்லை.

மாமா


பென்டில் ஹில்
16 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அதனால் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் ஆனந்தராஜா அங்கிளின் கடைக்குப் போனேன். "மாமா குளிசை விழுங்கமாட்டாராம்" என்றேன். ஒரு கடைக்குள் நான் பேசிய மிக நீளமான வசனம் அது. அங்கிள் பயத்தங்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டார்.

"ஏன் பிள்ளை, கொப்பர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"ஊரில சண்டை நேரம் பிடிபட்டு ஒரு அறையில கிடந்தனாங்கள். உன்ர மாமா, கொப்பர், நான், இன்னும் கொஞ்சப் பேர். கண்ணாடி போட்ட ஒரு மனிசன் வருவார். டொக்டர் எண்டுதான் சொன்னவங்கள். காலமை ஆளுக்கொரு குளிசை. பின்னேரம் ஆளுக்கொரு போத்தல்ல சலம் எடுத்துக் குடுக்க வேணும். குளிசை விழுங்கினா மூத்திரம் செம்மஞ்சளாப் போகும். நிறம் இல்லாட்டி அடி."

"என்ன குளிசை?"

"ஆருக்குத் தெரியும்? எலிக்குச் சொல்லிப்போட்டே குடுக்கிறவங்கள்?"

சொல்லிவிட்டு அங்கிள் பெரிதாகச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து ஒரு ரோல்ஸ் எடுத்துத் தந்தார்.

"பிறகு நாங்கள் ஒரு வழி கண்டுபிடிச்சம். சிகரெட் பெட்டி மட்டையில சீட்டு வெட்டினம். முன்னூற்றி நாலு. அண்டைக்குத் தோக்கிறவர் மட்டும் விழுங்க வேணும். மற்ற ஆக்கள் நாக்குக்குக் கீழ ஒளிச்சு வைச்சுத் துப்பிறது. தோத்தவர் வாளி வாளியாத் தண்ணி குடிச்சு, எட்டுப் போத்தலையும் தான் ஒராளா நிரப்ப வேணும். தண்ணி கூடினா நிறம் காணாது எண்டு மூண்டு குளிசை போடுவார். கண்ணாடிக்காரர் எட்டுப் போத்தலையும் வெயில்ல பிடிச்சுப் பாப்பார். எல்லாம் ஒரே நிறம்! அவருக்குச் சந்தோசம் தாங்கேலாது. பிஸ்கட் தந்தவர் பிள்ளை, பிஸ்கட்!"

"ஆர் தோக்கிறது?"

"உன்ர மாமாதான். ஒவ்வொரு நாளும்." பயத்தங்காயை மறுபடியும் தராசில் போட்டார். "பாவம், அவருக்கு விளையாடத் தெரியாது."

நிறுத்ததையே திரும்பவும் நிறுத்தார். நான் வந்துவிட்டேன்.

எங்கள் பின்னறையில் ஒவ்வொரு அட்டையிலும் ஆளின் பெயர், குளிசையின் பெயர், எதற்காக என்பது எல்லாம் அச்சடித்து ஒட்டுவோம். ஒன்று குறைந்தாலும் தேஜஸ்வினி அக்கா திருப்பித் தந்துவிடுவார். உங்களுக்கு அனுப்பியதிலும் எல்லாம் இருந்தது. மைனாக்கள் வாசித்திருக்கும்.

என்ன குளிசை என்று அந்தக் கண்ணாடிக்காரர் உங்களுக்குக்கூடச் சொல்லவில்லையா?

இனி நீங்களாகக் கேட்கும்வரை அட்டை அனுப்பமாட்டேன்.

நிரூபா


பென்டில் ஹில்
26 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் வரவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் இடையிலும் கதை குறைந்துவிட்டது. முதலே அது அதிகம் இல்லை என்பதால் அம்மா கவனிக்கவில்லை.

நீங்கள் சுகமா? இந்த முறை முறைக்காகக் கேட்கவில்லை.

நிரூபா


டாண்டினோங்
2 ஜூலை 2025

அன்பு மருமகளுக்கு,

நான் இருக்கிறேன். தாமதத்துக்குத் தபால் காரணமில்லை.

ஆனந்தராஜா சொன்னதில் பிழைகள் உண்டு. பிஸ்கட் ஒரு பெட்டிதான் தந்தார்கள். அதை முழுவதும் தின்றவர் ஆனந்தராஜா. அதனால்தான் அவருக்கு அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

யார் எங்களைப் பிடித்து வைத்திருந்தது என்று நீ கேட்கவில்லை. நல்ல பிள்ளை. அதை எழுதத் தொடங்கினால் உன் அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று சண்டை பிடிப்போம்.

என்ன குளிசை என்று நாங்களும் கேட்டோம். சொல்லவில்லை. எங்களுக்குள் ஒருவர் மலேரியாவுக்கு என்றார். இன்னொருவர் நித்திரை வராமல் இருக்க என்றார். தலைமயிர் வளர்வதற்கு என்றார் உன் அப்பா. அவருடைய தலையைப் பார், அவர் ஒன்றும் விழுங்கவில்லை என்பது உனக்கே விளங்கும்.

ஆனந்தராஜா ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். முதலில் போத்தல்கள் ஒன்பது. சிறி மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார், கணக்குப் படிப்பித்தவர். டொக்டர் தருவது நல்லதுக்குத்தான் இருக்கும் என்று சொல்லி ஒழுங்காக விழுங்கினார். அவருக்குப் பிறகுதான் நாங்கள் சீட்டு வெட்டினோம்.

நான் ஒவ்வொரு நாளும் தோற்றது எனக்கு விளையாடத் தெரியாததால். அதை இதோடு விடு.

போன கிழமை தக்காளி முடிந்தது. அட்டையை அவிழ்த்து எடுத்தேன். வெயிலிலும் மழையிலும் கிடந்ததை விழுங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், பயப்படாதே. டொக்டர் தந்த பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து வாயில் வைத்துத் தண்ணீர் குடித்தேன். தண்ணீர் போய்விட்டது. குளிசை, விசா இல்லாத ஆளைப் போல நாக்கு நுனியிலேயே நின்றது. மூன்று தரம் பார்த்தேன். பிறகு தொட்டிக்குள் துப்பினேன்.

அம்மாவுக்குச் சொல்லாதே.

மாமா


பென்டில் ஹில்
10 ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் தலையைப் பார்த்தேன். விளங்கியது.

உங்கள் கடிதங்களை எல்லாம் சேர்த்து வாசித்தேன். சீட்டில் சாம்பியன் என்று பெப்ரவரியில் எழுதியிருக்கிறீர்கள். விளையாடத் தெரியாது என்று ஜூலையில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

அதனால் ஒரு யோசனை. ஓகஸ்டில் அம்மாவின் பிறந்தநாளுக்கு வாருங்கள். எனக்கு முன்னூற்றி நாலு தெரியும். ஒரு மாதமாக தேஜஸ்வினி அக்காவோடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழகுகிறேன். அக்காவுக்கு அது தெரியாது, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்காதீர்கள், கராஜுக்குள் வேறு யார் இருக்கிறார்கள்?

நீங்கள் தோற்றால் குளிசை விழுங்க வேண்டும். பெயர் உள்ள குளிசை. அது என்ன, எதற்கு, விழுங்கினால் உடம்பில் என்ன மாறும் எல்லாம் நான் முதலிலேயே வாசித்துக் காட்டுவேன். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லலாம். இங்கே யாரும் அடிக்க மாட்டார்கள்.

நான் தோற்றால், கடையில் முன் கவுன்டரில் போய் நிற்பேன். இந்த வரியை இரண்டு தரம் வெட்டிவிட்டுத் திரும்பவும் எழுதினேன்.

நிரூபா


டாண்டினோங்
21 ஜூலை 2025

அன்பு மருமகளுக்கு,

சுகம். வருகிறேன்.

ஆனந்தராஜா என் பக்கம். சிறிதரன் உன் பக்கம். ஒரே ஒரு நிபந்தனை: இந்த முறை எனக்கு யாரும் விட்டுத்தரக் கூடாது. இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒழுங்காகத் தோற்கக்கூடத் தெரியவில்லை. ஜாக்கை வைத்துக்கொண்டு ஏழையா போடுவது? குருடனுக்கும் தெரியும்.

அம்மாவுக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டு எழுது. தக்காளி என்று மட்டும் சொல்ல வேண்டாம், முடிந்துவிட்டது.

மாமா


டாண்டினோங்
27 ஓகஸ்ட் 2025

அன்பு மருமகளுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். அம்மாவின் கேக் இன்னும் வயிற்றில் இருக்கிறது.

நீ ஆட்டத்தில் கொள்ளைக்காரி. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று நான் கேள்வி கேட்க வாய் திறக்கும் முன்பே எனக்கு மேலே கேட்டாய். பேசாத பிள்ளை என்றல்லவா சொன்னார்கள்! உன் அப்பா பழைய பழக்கத்தில் ஒரு தரம் விட்டுக்கொடுக்கப் பார்த்தார். நீ அவரைப் பார்த்த பார்வையில் கையிலிருந்த சீட்டைத் தானாகவே மாற்றிப் போட்டாரே, அதைப் பார்க்கவே மெல்பேர்னிலிருந்து வந்திருக்கலாம். கடைசி ஆட்டத்தில் நான் தோற்றதற்கு ஆனந்தராஜா இன்னும் என்னோடு கோபம். "இன்னும் சீட்டு இருக்கேக்க என்னப்பா எறியிறாய்!" என்று விமான நிலையம் வரைக்கும் ஏசிக்கொண்டு வந்தார். முடிந்த ஆட்டம் முடிந்ததுதான்.

தோற்றவர் விழுங்க வேண்டும். அது எங்கள் சட்டம். அதனால் உன் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் விழுங்கினேன். நீ அட்டையில் உள்ளதை வாசிக்க வாசிக்கக் கேட்டேன். மூன்று கிளாஸ் தண்ணீர் தேவைப்பட்டது. உன் அப்பா ஏன் வெளியே போனார் என்று கேட்காதே.

இங்கே வந்த பிறகும் ஒவ்வொரு நாளும் விழுங்குகிறேன். இப்போது இரண்டு கிளாஸ் போதும். முதல் நாள் பின்னேரம் கழிவறைக்குப் போய்ப் பார்த்தேன்.

நிறம் மாறவில்லை.

அடுத்த அட்டையை அனுப்பு.

மாமா


பென்டில் ஹில்
5 செப்ரெம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் சுகம் என்று உங்கள் டொக்டர் சொன்னதாக அம்மா குசினியில் கத்தினார். இந்த முறை பக்கத்து வீட்டு அன்ரியும் கைதட்டினார். அடுத்த அட்டை பார்சலில் இருக்கிறது.

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கேக் வெட்டப் போய்விட்டீர்கள். சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கியது நான். எனக்கு அடுக்குவதுதானே வேலை.

கடைசி ஆட்டத்தில், மற்ற எல்லாச் சீட்டையும் வெட்டும் துரும்பு ஜாக் கையில் இல்லாமலே நான் துரும்பு சொன்னேன். அப்படி ஒருவரும் செய்வதில்லை என்று அப்பா பிறகு சொன்னார். அது யாரிடம் இருக்கிறது என்று ஆட்டம் முழுவதும் பயந்துகொண்டிருந்தேன். அது விழவே இல்லை. நீங்கள் "சரி, தோத்துப்போனம்" என்று கவிழ்த்து எறிந்த சீட்டுகளுக்குள் இருந்தது. அதற்கு அடுத்த பெரிய சீட்டான ஒன்பதும் கூடவே இருந்தது.

அவற்றை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் துடைத்த தட்டையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் எப்பவும் அப்பிடித்தான் தோக்கிறவர்" என்றார்.

நீங்கள் மறுத்து எழுத வேண்டாம். தோற்றவர் விழுங்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். அதை மாற்றச் சொல்லமாட்டேன்.

ஆனால் சீட்டின்படி பார்த்தால் தோற்றது நான்தான், மாமா.

அதனால் திங்கட்கிழமை போய் முன் கவுன்டரில் நின்றேன். தேஜஸ்வினி அக்கா ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். முதலில் வந்தவர் கோயிலில் பார்க்கிற ஓர் அன்ரி. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இந்தக் குளிசை என்னத்துக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது, வரிசையில் கடைசியில் நின்றவரும் திரும்பிப் பார்த்தார்.

தண்ணீரை மறக்காமல் குடியுங்கள்.

உங்கள் மருமகள்
நிரூபா